சந்தன இலை வெளிறியபோது

இளஞ்செடியின் இலை வெளிறத் தொடங்கினால் நம்மவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: எதையாவது கரைத்து ஊற்றுவது. ஒருவர் யூரியா என்பார், ஒருவர் எப்சம் உப்பு என்பார், தண்ணீர் கூடிப்போச்சு என்று மூன்றாமவர் தீர்ப்பளிப்பார். பால்கனித் தொட்டிக்கும், அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளரும் செடிக்கும், நர்சரிக்காரரின் பாலித்தீன் பைக் கன்றுக்கும் இதே வைத்தியம்தான். யோசனைகள் வேறுபட்டாலும் அடியில் கிடக்கும் நம்பிக்கை ஒன்றே. இலையைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க, பெங்களூருக்குத் தெற்கே ஒரு நல்ல வரலாறு கிடைக்கிறது. சந்தன மரத்தின் இலை ஏன் வெளிறிச் சிறுத்துப்போகிறது என்ற ஒரே கேள்விக்கு விடை காண 1899 தொடங்கி 1969 வரை 70 ஆண்டுகள் பிடித்தன. நோய் இருக்கிறது என்று இலை முதல் நாளே சொல்லிவிட்டது. என்ன நோய் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. இலையை இன்னும் உற்றுப் பார்த்ததால் அந்த விடை வரவில்லை. நோயுற்ற துண்டை எடுத்து நல்ல செடியில் வைத்துப் பார்த்ததால் வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அந்த வரலாறு நடந்த காடுகளுக்குப் போகும் வழியில் உள்ள ஹெப்பகோடி இன்று தொழிற்பேட்டை ஊர். ஒரு பக்கம் எலக்ட்ரானிக் சிட்டி, இன்னொரு பக்கம் பொம்மசந்திரா, நடுவில் பயோகான் வளாகம். ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இந்த ஊரின் வழியாகத்தான் பெங்களூர் - ஓசூர் சாலை அத்திப்பள்ளிக்குப் போகிறது. அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. தென்மேற்கே திரும்பினால் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள். இவை இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். 2004-க்கு முன் தருமபுரி. 1965-க்கு முன் சேலம் மாவட்டத்தின் வடகோடி. சாலைக்கு வடக்கே 1909-ல் அமைந்த இந்திய அறிவியல் கழகம், தெற்கே சந்தனக் காடு. நோயைக் காட்டில் பார்த்து ஆய்வுக்கூடத்தில் யோசிக்க வேண்டியிருந்த ஒரு விவகாரத்துக்கு இதைவிடத் தோதான நிலப்பரப்பு கிடைப்பது அரிது.

சந்தனம் மைசூருக்கு வெறும் மரம் அல்ல, கஜானா. 1792-ல் திப்பு சுல்தான் அதை அரச மரமாக அறிவித்தார். அதன்பிறகு வந்த ஆங்கிலேயரும் உடையார்களும் அந்த உரிமையைக் கைவிடவில்லை. யார் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசுக்குத்தான். முதல் உலகப் போர் மூண்டு ஐரோப்பிய வாணிபம் முடங்கியபோது, மரமாக ஏற்றுமதி செய்வதை விட்டு எண்ணெயாகவே வடிக்கலாம் என்று மைசூர் அரசின் தொழில்துறை இயக்குநர் ஆல்பிரட் சாட்டர்டன் முனைந்தார். இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோவும் வாட்சனும் வடிக்கும் முறையை வகுக்க, 1916-ல் பெங்களூரில் அரசின் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை எழுந்தது. மைசூர் சாண்டல் சோப்பு அதன் பிள்ளை. இவ்வளவு பணம் ஒரு மரத்தின் வைரக்கட்டையில் கிடக்கும்போது அதன் இலை நிறம் மாறுவது நிதிச் செய்தியாகிவிடுகிறது. நோயின் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்கு மைசூர் அரசு 10,000 ரூபாய் பரிசு அறிவித்தது. அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பத்தைத் தலைமுறைக்கும் நிமிர்த்திவிடும் தொகை.

நோய் முதலில் பதிவானது 1899-ல், குடகில். சில ஆண்டுகளிலேயே மைசூர்க் காடுகளில் பரவி, பின்னர் சேலம் வடக்கையும் எட்டியது. ஸ்பைக் என்று வனத்துறையினர் வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. நல்ல சந்தன இலை அகன்று, பளபளத்து, காம்பிலிருந்து சற்றுத் தொங்கினாற்போல் இருக்கும். நோயுற்ற கிளையில் புதிதாக வரும் ஒவ்வொரு இலையும் முந்தியதைவிடச் சிறியதாகவும் குறுகலாகவும் வரும். கணுக்களுக்கு இடையிலான தூரம் சுருங்கும். இலைகள் விறைத்துக் கொம்பைச் சுற்றி வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, கிளை முழுதும் ஆணி அடித்த தடிபோல் ஆகிவிடும். பச்சை வெளிறி மஞ்சளாகும், பிறகு சிவப்பேறும். பூ வராது, வந்தாலும் பூவின் உறுப்புகள் இலையாகத் திரிந்துவிடும். மண்ணுக்கு அடியில் வேர்நுனிகள் காய்ந்துபோயிருக்கும். ஒரு கிளையில் தொடங்கி மரம் முழுதும் பரவி, இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். லட்சக்கணக்கில் மரங்கள் இப்படிப் போயின.

இத்தனை தெளிவான அடையாளங்கள் கண்முன் இருந்தும் விளக்கங்கள் பெருகினவே தவிரக் குறையவில்லை. காட்டில் உண்ணிச்செடி மண்டிய இடங்களில் நோய் அதிகம் தென்பட்டது. ஆகவே உண்ணிச்செடிதான் காரணம் என்றார்கள். காட்டுத்தீ பரவிய சரிவுகளில் கண்டவர்கள் தீயைச் சொன்னார்கள். மழை பொய்த்த ஆண்டுகளை எண்ணியவர்கள் வறட்சியைச் சொன்னார்கள். எல்லாமே கண்ணால் கண்டவைதான், யாரும் பொய் சொல்லவில்லை. சந்தனத்தின் இயல்பும் குழப்பத்துக்கு எண்ணெய் ஊற்றியது. அது ஒரு பாதி ஒட்டுண்ணி. இலையால் தானே உணவு சமைத்துக்கொள்ளும், ஆனால் தண்ணீரையும் உப்புகளையும் பக்கத்துச் செடிகளின் வேரில் தன் உறிஞ்சுவேரைப் பதித்து வாங்கிக்கொள்ளும். இதை 1871-ல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் ஜான் ஸ்காட் கண்டுசொல்ல, நூற்றாண்டின் திருப்பத்தில் சென்னை அரசின் தாவரவியலாளர் பார்பர் அந்த உறிஞ்சுவேர்களை விரிவாக ஆராய்ந்தார். ஆக, ஊட்டும் செடி செத்தால் சந்தனம் வாடாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் ஹோல் 1917-ல் முன்வைத்த விளக்கமும் இந்த வழியில் போனதுதான்: வேரும் இலையும் தமக்குள் சாறு பரிமாறும் சமநிலை குலைகிறது, அதனால் இலையில் மாவு தேங்குகிறது, அதுவே ஸ்பைக். இதில் கிருமிக்கு வேலையே இல்லை.

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நோயுற்ற இலையில் மாவு தேங்குவது உண்மை. அயோடின் சொட்டினால் கருநீலம் பாய்கிற அளவுக்கு உண்மை. வேர்நுனிகள் செத்துக்கிடப்பதும் உண்மை. ஹோல் சொன்னது தவறான தகவல்களின் மேல் கட்டியது அல்ல. இலை தந்த சரியான தகவல்களை முறையாக அடுக்கி அவர் தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மாவுத் தேக்கமும் வேர்ச்சாவும் நோயின் விளைவுகளாகவும் இருக்கலாமே என்ற கேள்விக்கு இலைக்குள் பதில் இல்லை. முன்பே வேறொரு ஆள் வேறொரு திசையில் கை காட்டியிருந்தார். 1903-ல் நோயைப் பார்வையிட்ட பட்லர், பிற்பாடு இந்தியப் பூஞ்சையியலின் தந்தை என்று பெயர் பெற்றவர், இது அமெரிக்காவின் பீச் மரங்களைத் தாக்கும் மஞ்சள் நோயை நினைவூட்டுகிறது என்றார். பீச் நோய் ஒட்டு வழியாகத் தொற்றுவது அப்போதே தெரிந்த சங்கதி. பட்லரும் இலையைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

அந்தச் சோதனையைச் செய்தவர் லெஸ்லி கோல்மன். கனடாக்காரர், 1908-ல் மைசூர் அரசின் பூஞ்சையியல், பூச்சியியல் வல்லுநராக வந்து 1934 வரை இங்கேயே இருந்தார். ஹெப்பாலில் 1913-ல் தொடங்கிய வேளாண் பள்ளி அவர் முயற்சி. மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களைத் தாக்கிய கொளெ ரோகத்துக்குப் போர்டோக் கலவையைப் பசைப்பொருள் சேர்த்துத் தெளிக்கும் முறையைத் தந்தவர். ஹோல் தன் விளக்கத்தை வெளியிட்ட அதே 1917-ல் கோல்மன் தன் ஒட்டுச் சோதனைகளின் முடிவை வெளியிட்டார். செய்முறை எளிது. ஸ்பைக் கண்ட மரத்தின் ஒரு துண்டை நல்ல செடியில் ஒட்டுக் கட்டுவது. ஒட்டுப் பிடித்துச் சில மாதங்கள் காத்திருப்பது. ஒட்டுக்குக் கீழே நல்ல செடியின் சொந்தக் கொம்பில் துளிர்க்கும் இலை எப்படி வருகிறது என்று பார்ப்பது. சிறுத்த, விறைத்த இலைகள் வந்தன. அந்தச் செடியின் வேருக்கு எந்தக் குறையும் இல்லை, உண்ணிச்செடி அருகில் இல்லை, தீ இல்லை, வறட்சி இல்லை. நோயுற்ற திசுவிலிருந்து ஏதோ ஒன்று நல்ல திசுவுக்குள் போயிருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் இங்கே நிற்காது.

நின்றது என்று சொன்னவர்களும் உண்டு. ஒட்டுக் கட்டும்போது செடிக்கு ஏற்படும் காயமே நோயைத் தூண்டியிருக்கலாம் என்பது ஒரு மறுப்பு. நல்ல மரத்தின் துண்டை நல்ல செடியில் அதே கத்தியால் அதே மாதிரி ஒட்டினால் நோய் வரக்கூடாது, அதுதான் இந்த மறுப்புக்கான சோதனை, வரவும் இல்லை. இரண்டாவது மறுப்பு கனமானது. காட்டில் யார் ஒட்டுக் கட்டுகிறார்கள்? கத்தியில்லாத காட்டில் நோய் எப்படித் தாவுகிறது என்று சொல்லாதவரை கோல்மனின் சோதனை தோட்டத்து வித்தையாகவே நின்றுவிடும். 1923-ல் அவர் மறுபடியும் ஒட்டுச் சோதனைகளை வெளியிட்டும் வனத்துறையினருக்குள் சர்ச்சை ஓயாததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு வேண்டியது காட்டுக்கான விடை.

1920-களின் பிற்பகுதியில் இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியலாளர்கள், ஸ்ரீனிவாசய்யா முன்நின்று, இந்த வேலையை ஏற்றார்கள். வேதியியல் கூடம் செய்யக்கூடியதை முதலில் செய்தார்கள்: இலையை எரித்து, கரைத்து, அளந்தார்கள். ஸ்பைக் இலையில் சுண்ணாம்புச் சத்து குறைவு, தழைச்சத்து அதிகம். இன்று ஒரு இலையைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் இதே போன்ற ஒரு அறிக்கைதான் வரும். அதைப் படிக்கும் நூற்றில் தொண்ணூறு பேர் சுண்ணாம்பு வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பெங்களூர்க்காரர்கள் கிளம்பவில்லை, ஒட்டுச் சோதனை ஏற்கெனவே கையில் இருந்ததால், சுண்ணாம்புக் குறைவு நோயின் பின்னால் வருவது என்று வகைப்படுத்த அவர்களால் முடிந்தது. அதே சமயம் ஒட்டு முறைகளையும் பலமடங்கு செம்மைப்படுத்தினார்கள். கொம்பு வேண்டியதில்லை, பட்டைத் துண்டு போதும், ஒரு இலையைத் தண்டுக்குள் செருகினாலும் தொற்றுகிறது என்பது தெரியவந்தது.

இந்த வரலாற்றிலேயே என் வாதத்துக்கு மிக வலுவான சான்று 1930-ல் நேச்சர் இதழில் ஸ்ரீனிவாசய்யா வெளியிட்ட சிறு குறிப்பு. ஸ்பைக் நோயின் அறிகுறிகள் மறைந்தே கிடக்கக்கூடும் என்பதுதான் அதன் சாரம். செடிக்குள் தொற்று இருக்கிறது, இலையோ பச்சையாக, அகலமாக, குறை சொல்ல முடியாதபடி இருக்கிறது. பக்கத்தில் எந்தச் செடி வேர் கொடுக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி முந்தவும் பிந்தவும் செய்யும். இதை ஏற்றுக்கொண்டால் இலை பார்த்து நோய் சொல்லும் கலைக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது. வெளிறிய இலை எல்லாம் ஸ்பைக் அல்ல. பச்சை இலை எல்லாம் நலமும் அல்ல. ஸ்பைக் கண்ட மரங்களை மட்டும் தேடி வெட்டிக் காட்டைக் காப்பாற்றலாம் என்ற திட்டம் ஏன் திரும்பத் திரும்பத் தோற்றது என்பதற்கும் இதில் பாதி விளக்கம் இருக்கிறது. வெட்டுகிறவர் கண்ணுக்குத் தப்பிய மரமே அடுத்த ஆண்டின் ஊற்று.

மீதிப் பாதி பூச்சியில் இருந்தது. கோல்மன் மேல் வீசப்பட்ட இரண்டாவது மறுப்புக்கான பதிலை 1930-களில் சேலம் வடக்குக் காடுகளில்தான் தேடினார்கள். நோய் கண்ட பகுதிகளிலிருந்து பூச்சிகளைப் பிடித்து வந்து வலைக்கூண்டுக்குள் இருக்கும் நல்ல செடிகளின் மேல் விடுவது, கூண்டுக்குள் எது நுழைந்தது எது நுழையவில்லை என்று கணக்கு வைப்பது என்று நாள் பிடிக்கிற, பொறுமையைச் சோதிக்கிற வேலை. காட்டுப் பூச்சிகளோ நூற்றுக்கணக்கான வகை. 1941-ல் ரங்கசாமியும் கிரிஃபித்தும் ஜாஸஸ் இண்டிகஸ் என்ற தத்துப்பூச்சி நோயைக் கடத்துகிறது என்று காட்டினார்கள். பின்னாளில் நெல்வயல் பச்சைத் தத்துப்பூச்சி முதலான வேறு சிலவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. உண்ணிப்புதர்களை அடுத்து நோய் அதிகம் என்று தொடக்கத்தில் சொன்னவர்களை இப்போது சற்றுக் கனிவோடு பார்க்கலாம். தத்துப்பூச்சிகளுக்குப் புதர் நல்ல இருப்பிடம். கண்டது சரியாக இருந்து, காரணம் என்று அதற்கு வைத்த பெயர் தவறிய இடம் அது.

கிருமி எது? பூஞ்சை தெரியவில்லை, பாக்டீரியா தெரியவில்லை, ஒட்டினால் தொற்றுகிறது, பூச்சி கடத்துகிறது. அன்றைய அறிவுக்கு அது வைரஸ். அரை நூற்றாண்டு அப்படியே எழுதினார்கள். 1967-ல் ஜப்பானில் டோயும் கூட்டாளிகளும் மல்பெரிச் செடியின் குட்டை நோயை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, சாறு ஓடும் குழாய்களுக்குள் செல்சுவர் இல்லாத நுண்ணுயிர்களைக் கண்டார்கள். டெட்ராசைக்ளின் மருந்துக்கு அவை அடங்கின, வைரஸ் அடங்காது. இரண்டே ஆண்டில், 1969-ல், சந்தனத்திலும் அதே வகை உயிர்கள் என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்குழுக்கள் அறிவித்தன. இன்று அவற்றைப் பைட்டோபிளாஸ்மா என்கிறோம். கன்னடப் பட்டுச் சீமையில், மல்பெரி விளையும் ஆனேக்கல் வயல்களின் அருகிலேயே உட்கார்ந்து சந்தனத்தை ஆராய்ந்தவர்களுக்கான திறவுகோல், ஜப்பானின் மல்பெரித் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தது. கோல்மன் வைரஸ் பக்கம் சாய்ந்தது தவறு என்று இதைக் கொண்டு அவரை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. கிருமியின் பெயர் மாறியதே தவிர, தொற்றுகிறது, ஒட்டில் கடக்கிறது, பூச்சி சுமக்கிறது என்ற மூன்றில் ஒன்றுகூடக் கழன்று விழவில்லை. இலையை மட்டும் நம்பி எழுப்பிய விளக்கங்களோ மொத்தமாகச் சரிந்தன.

இங்கே ஒரு நேர்மையான எதிர்ப்பை எதிர்கொள்ள வேண்டும். இலையைப் பார்த்துக் குறை சொல்லும் கலை பொய்யா? பயிர் மருத்துவமே அதில்தானே நடக்கிறது? பழைய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்தோ மக்னீசியமோ குறை, ஏனென்றால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும். இளந்துளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை, ஏனென்றால் இரும்பு இடம் பெயராது. இது அசைக்க முடியாத பாடம். இங்கிலாந்தின் லாங் ஆஷ்டன் நிலையத்தில் இருந்த வாலஸ் 1943-ல் வண்ணப் படங்களோடு இதற்கென்றே ஒரு நூல் போட்டார், உலகமெங்கும் படித்தார்கள். நம் நாட்டிலேயே, பந்த்நகரில் நெனே 1960-களில் நெல்லின் கைரா நோயைத் துத்தநாகக் குறை என்று நிறுவியது இந்த வழியின் பெருமை.

ஆனால் அந்தப் பாடம் எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1840-களில் பிரான்சின் கிரிஸ் வெளிறிய இலைக்கு இரும்பு உப்புக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார். இலையில் பச்சை திரும்பியது. அதனால்தான் இரும்புக் குறை என்று இன்று நாம் சொல்கிறோம். நெனே துரு நிறப் புள்ளிகளை மட்டும் பார்த்துத் துத்தநாகம் என்று அறிவித்துவிடவில்லை. துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்போடு கரைத்துத் தெளித்த பயிர் எழுந்தது, தெளிக்காத பயிர் எழவில்லை. வாலஸின் படங்களுக்குப் பின்னால், ஒவ்வொரு சத்தாக நீக்கி வளர்த்த செடிகளின் வரிசைகள் இருக்கின்றன. படம் என்பது முடிந்துபோன சோதனையின் சுருக்கக் குறிப்பு. பழகிய பயிருக்கு, பழகிய மண்ணில், அது பெரும்பாலும் செல்லும். புது நோய் வந்தால் செல்லாது. வேறொன்றின் வேடத்தில் பழைய குறை வந்தாலும் செல்லாது. பாலித்தீன் பையில் ஆறு மாதச் சந்தனக் கன்று வெளிறி நிற்கிறது என்று வையுங்கள். ஊட்டும் செடியாகப் பையில் வைத்த பொன்னாங்கண்ணியோ துவரையோ பட்டுப்போயிருக்கலாம். உப்பேறிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கி இரும்பைப் பூட்டியிருக்கலாம். பையின் அடியில் ஓட்டை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கலாம். வேரில் நூற்புழு இருக்கலாம். ஸ்பைக்கும் இருக்கலாம். நாலைந்து கன்றுகளுக்கு மட்டும் அன்னபேதிக் கரைசல் தெளித்து, பக்கத்தில் நாலைந்தைத் தெளிக்காமல் விட்டு, பத்து நாள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால் இந்தப் பட்டியலில் ஒன்று தீரும். நூறு கன்றுக்கும் ஒரேயடியாக எல்லா மருந்தையும் ஊற்றினால் ஒன்றும் தீராது, கன்று பிழைத்தால்கூட.

இன்னொரு எதிர்ப்பு அனுபவசாலிகளுடையது. காரணம் தெரிந்து என்ன வாழ்ந்தது? 1969-ல் கிருமி தெரிந்துவிட்டது, ஸ்பைக் இன்னும் இருக்கிறது, கேரளத்தின் மறையூர்க் காடுகளிலும் கர்நாடகத்திலும். மரத்துக்கு டெட்ராசைக்ளின் செலுத்தினால் சில மாதம் தெளியும், பிறகு திரும்பிவிடும். காட்டு மரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டே இருக்க முடியுமா? முடியாதுதான். ஆனால் தவறான காரணத்தின் விலையையும் கணக்கில் எழுத வேண்டும். கேரளத்துத் தென்னையைப் பாருங்கள். 1882 வெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பக்கம் தென்பட்டதாகச் சொல்லப்படும் வேர் வாடல் நோயில் ஓலை மஞ்சளாகும், தளர்ந்து வளையும். மண்ணில் சத்துக் குறை என்று பல பத்தாண்டுகள் உரச் சோதனைகள் நடந்தன. பைட்டோபிளாஸ்மா என்று 1980-களில் உறுதியானபின்தான், நோய் சூழ்ந்த தோப்பிலும் தாக்குப்பிடித்து நிற்கும் மரங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கும் வேலை முழு வேகம் பிடித்தது. கல்பரக்ஷா, கல்பஸ்ரீ ரகங்கள் அப்படி வந்தவை. அந்த நோய் இன்று பொள்ளாச்சித் தோப்புகளுக்குள் நிற்கிறது. மருந்து இல்லாத நோயிலும் காரணம் தெரிந்தவருக்கு ஒரு வேலை இருக்கிறது, தெரியாதவருக்கு உரச் செலவு மட்டும் இருக்கிறது.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு: இலையைப் பார்க்க யாருக்கு உரிமை, யாருக்கு ஆர்வம் என்பது. மரம் அரசுக்குச் சொந்தம் என்ற ஏற்பாட்டில், ஆனேக்கல் பக்கத்து விவசாயிக்குத் தன் வரப்பில் முளைத்த சந்தனக் கன்று ஒரு தொல்லை. வளர்த்தால் லாபம் இல்லை, காணாமற்போனால் வழக்கு. அதன் இலை வெளிறியதா என்று அவர் ஏன் கவலைப்படப்போகிறார்? சத்தமில்லாமல் பிடுங்கி எறிவதே உத்தமம். ஆகவே நோயைப் பற்றிய பழைய பதிவுகளில் பெரும்பாலானவை வனத்துறைக் கண்களால் பார்த்தவை. பட்டா நிலம் பெரும்பாலும் இருட்டு. சட்டம் ஒரு செடியை மறைக்கச் செய்தால் அதன் நோயும் மறைந்துவிடும். இதன் கடைசி எல்லையைக் கஞ்சாச் செடியில் பார்க்கலாம். 1985-ன் போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை வளர்ப்பது குற்றம். பெங்களூர் வீடுகளில் அறைக்குள் விளக்குப் போட்டு வளர்த்தவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். அப்படி வளரும் இளஞ்செடியின் இலை மஞ்சளானால் அதை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் எடுத்துப்போக வழியில்லை, அடுத்தவர் ஊகத்தைத் தவிர வேறு துணை இல்லை. இத்தனைக்கும் சந்தன ஸ்பைக் கிருமி எந்த இனத்தில் வகைப்படுகிறதோ அதே இனத்தைச் சேர்ந்த பைட்டோபிளாஸ்மா கஞ்சாச் செடியிலும் கொத்துக்கொத்தாகக் கிளைவிடும் நோயை உண்டாக்குகிறது என்று 2008-ல் லக்னோ ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கேயும் உரம் உதவப்போவதில்லை.

கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனத்தை நில உடைமையாளருக்கே சொந்தமாக்கின. அதன்பிறகு சந்தனம் காட்டு மரம் என்ற நிலையிலிருந்து முதலீட்டு மரமாகிவிட்டது. தோட்டம் போடுகிறவர்கள் நர்சரிகளிலிருந்து கன்றுகளை வண்டி வண்டியாக வாங்குகிறார்கள். 30 ஆண்டு காத்திருக்க வேண்டிய மரத்தின் கன்றை வாங்கும்போது பார்ப்பது என்னவோ இலையைத்தான்: பச்சையாக இருக்கிறதா, பளபளப்பாக இருக்கிறதா. 1930-ன் அந்தக் குறிப்பு சொன்னபடி, அந்தப் பளபளப்புக்குத் தொற்றில்லை என்று பொருள் கிடையாது. சந்தனத்தில் பைட்டோபிளாஸ்மாவின் மரபணுவை இரட்டைச் சுற்றுப் பிசிஆர் முறையில் கண்டுபிடிக்கும் வழி 2004-லேயே வெளியாகிவிட்டது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இந்த மரத்தையே தன் முதன்மை வேலையாக வைத்து இயங்குகிறது. ஆக, கன்று வாங்குகிறவர் நர்சரிக்காரரிடம் கேட்க வேண்டியவை வேறு. தாய்மரங்கள் எந்தக் காட்டைச் சேர்ந்தவை, அந்தக் காட்டில் ஸ்பைக் உண்டா, நாற்றங்கால் பூச்சி வலைக்குள் இருக்கிறதா, வாங்கும் தொகுதியில் சில கன்றுகளையாவது பிசிஆர் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களா. கன்றின் விலையில் சில ரூபாய் கூடலாம்.